தம்பூரா போடுகிறவனின் இடம்

சித்திரை மாதத்துச் சென்னையில், விடியற்காலை நாலு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் கதவுகளையும் சாத்திக்கொண்டு, வியர்வை வழிய ஒருவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், பார்ப்பவர்கள் அவன் ஏதோ விரதம் பூண்டிருக்கிறான் என்றுதான் எண்ணுவார்கள். ஓப்பன் பேக் ஹெட்போனோடு பல வருஷம் பழகியவர்களுக்கோ நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விசிறியின் இரைச்சல் ஒன்றும் பெரிதல்ல; அதைக் கேட்டுக்கொண்டேதான் நாம் பேசுகிறோம், உண்கிறோம், உறங்குகிறோம். ஆனால் தம்பூராவின் நாதம் எந்த மெல்லிய பிரதேசத்தில் கரைந்து முடிகிறதோ, அந்தப் பிரதேசத்திலேதான் விசிறியின் காற்றும் வந்து படிகிறது. ஒன்றைக் கேட்க வேண்டுமானால் மற்றது நின்றாக வேண்டும். அடைப்பான ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டால் விசிறிக்குக் கீழேயே சுகமாகக் கேட்கலாமே என்று நண்பர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவற்றிலும் நல்லவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், மூடிய கிண்ணத்துக்குள் திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும் ஒலியில் தம்பூரா தன் மூச்சை இழந்துவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் விசிறியைத்தான் நிறுத்துகிறேன்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் ஹெச்டி 600. ஹாம்பர்க் நகரத்தில் உத்தியோகத்திலிருந்த என் தமக்கையின் மகன் 2003-ஆம் வருஷக் கடைசியில் அதை வாங்கிக்கொண்டு வந்தான். ஹெச்டி 650 வெளிவந்த வருஷம் அது. புதியது இருக்கும்போது பழையதை ஏன் கேட்கிறீர்கள் என்று கடையில் சொன்னார்களாம். மாமா எழுதிய கடிதத்தில் 600 என்றுதான் இருக்கிறது என்று அவன் பிடிவாதமாக நின்று இதையே வாங்கினான். அந்தப் பிடிவாதத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன். 650-ஐப் பிற்பாடு நிதானமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் ஓர் இதமான கனம் இருக்கிறது, இரவு உணவுக்குப் பிறகு கேட்க அது சிலாக்கியமானது என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த இதம், மேல் ஸ்தாயியின் ஓரத்தில் ஒரு மெல்லிய திரையைப் போட்டுவிட்டுத்தான் வருகிறது. 600-இல் திரை கிடையாது.

வென்னபோஸ்டல் கிராமத்தில் 1945-இல் ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய சோதனைச் சாலையிலிருந்து, 1968-இல் பஞ்சு மெத்தையோடு ஹெச்டி 414 வந்ததையும், 1991-இல் முந்நூறே ஜோடி என்று ஆர்ஃபியஸ் வந்ததையும், கம்பெனியின் ஐம்பதாவது வருஷத்துக்காக 1995-இல் வந்த 580 ஜூபிலியின் தொடர்ச்சியாக 1997-இல் இந்த 600 வந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். எனக்கு விசேஷமாகப் படுவது வேறொன்று. 1997-க்குப் பிறகு இந்தத் துறையில் எத்தனையோ புதுமைகள் வந்து, எத்தனையோ மறைந்துவிட்டன. இதுவோ ஏறக்குறைய மாறாத உருவத்தில் நின்றுகொண்டிருக்கிறது. 260 கிராம் எடை. கழற்றிப் பூட்டத் திருப்புளி கூட வேண்டாத அமைப்பு. தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை வைத்துக்கொள்ளும் சிக்கனம். நம் வீட்டு மாவாட்டும் கல்லைப்போல் இது ஒரு வாழ்நாள் சாமான். முதல் சில மாதம் தலையை இறுக்கத்தான் இறுக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனின் இரண்டு தொகுதிகளைச் சேர்த்து நிறுத்தி, இரவெல்லாம் அவற்றின்மேல் மாட்டி வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தினேன். கடற்காற்றில் கம்பியின் முனை முட்கள் கறுத்துப்போகும். வருஷத்துக்கு இரண்டு தரம் துடைக்க வேண்டும். இவ்வளவுதான் அது கேட்கும் பராமரிப்பு.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் நான் பட்ட சிரமத்தைச் சொல்ல வேண்டும். 300 ஓம் கருவிக்குச் சரியான துணை வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஒரு சிறிய தயாரிப்பாளரிடமிருந்து ஒன்றை வரவழைத்தேன். அதில் மிக மெல்லிய உறுமல் ஒன்று இருந்தது. பாட்டு நடக்கும்போது அது தனியாகக் காதில் விழாது. ஆனால் ஒரு கட்டைச் சுருதியில் பாடிய எந்த வித்வானைக் கேட்டாலும், தம்பூராவின் பஞ்சமம் ஒருவிதமாகத் தள்ளாடுவதுபோல் இருந்தது. ஒலிநாடாவின் குற்றம் என்று நினைத்தேன். பிறகு, தம்பூராவைச் சேர்த்தவர்களின் குற்றம் என்று கூட நினைத்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு, மயிலாப்பூரில் இருந்த ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர் ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் மின்சாரத்தின் அலைவு விநாடிக்கு 50. அதன் இரட்டை 100. ஒரு கட்டைக்கு மந்தர பஞ்சமம் விநாடிக்கு 98 அதிர்வு. இரண்டும் உரசி விநாடிக்கு இரண்டு தடவை அலையடிக்கின்றன. மின்சார வாரியமே கூட உட்கார்ந்து இன்னொரு தம்பூரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் அபஸ்வரமாக! அவரே பிறகு தம் கையால் கட்டித் தந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைத்தான் இன்றுவரை உபயோகித்து வருகிறேன். அதில் உறுமல் இல்லை. பஞ்சமம் கல்லில் அடித்த முளைபோல் நிற்கிறது.

மேலும் மேலும் தம்பூராவையே பேசுகிறேன் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். உண்மைதான். ஒரு ஹெட்போனின் யோக்கியதையை அறிய எனக்கு அதைவிட நல்ல உரைகல் இல்லை.

ரசிகர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் ஒன்று உண்டு: எந்தக் கருவி மிகவும் விசாலமான மேடையைக் காட்டுகிறது என்பது. 2009-இல் ஹெச்டி 800 வந்தபோது, ஒலி தலைக்கு வெளியே எவ்வளவு தூரம் போகிறது என்பதே பேச்சாக இருந்தது. காதைத் தொடாமல் இரு பக்கமும் கதவுபோல் தொங்கும் பழைய ஏகேஜி கே1000-ஐ வைத்திருப்பவர்கள் அதற்கும் மேலே போய், ஹெட்போன் என்ற சொல்லையே தங்கள் கருவிக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எண்பது வாத்தியங்கள் கொண்ட ஐரோப்பிய வாத்திய கோஷ்டியைக் கேட்பவர்களுக்கு இந்த விசாலம் அவசியம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கச்சேரி ஒரே ஜமக்காளத்தில் நடக்கிற காரியம். பாடுகிறவரின் முழங்காலுக்கும் மிருதங்கத்தின் தொப்பிக்கும் இடையே இரண்டு முழம் இருந்தால் அதிகம். 800-இல் அந்த ஜமக்காளத்தை யாரோ நான்கு மூலையிலும் பிடித்து இழுத்துவிட்டதுபோல் இருக்கிறது. பாட்டுக்காரரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்ள முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கருவியின் நுணுக்கத்தை நான் குறை கூறவில்லை. அது எனக்குக் கொடுக்கும் ஆசனம் நான் விரும்பும் ஆசனம் அல்ல, அவ்வளவே.

நான் விரும்பும் ஆசனம் முதல் வரிசையும் அல்ல. சபாக்களின் முதல் வரிசையில் நான் போதுமான அளவு உட்கார்ந்தாகிவிட்டது. பாடுகிறவருக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு தம்பூரா போடுகிறானே ஒரு சீடன், அவன் இடம்தான் எனக்கு வேண்டும். அந்த இடத்தில் நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

1963-இல், எனக்குப் பதினொரு வயதில், கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே இருந்த பாட்டு வாத்தியாரிடம் என்னை விட்டிருந்தார்கள். எனக்குக் குரல் வாய்க்காது என்பது அவருக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் தம்பூராவைக் கையில் கொடுத்தார். பலா மரத்தைக் குடைந்து செய்த தஞ்சாவூர்த் தம்பூரா அது. உட்கார்ந்தால் அதன் தலை என் தலைக்கு மேலே போகும். முதல் நாள், நடுவிரலால் பஞ்சமத்தையும் ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றையும் மீட்டச் சொல்லிவிட்டு, நான் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “கையப் பாக்காதேடா, காதக் குடு” என்றார். தண்டியின்மேல் காதைச் சாய்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காற்றின் வழியாக வரும் ஒலி வேறு, மரத்தின் வழியாக எலும்புக்குள் இறங்கும் ஒலி வேறு. சாரணையும் அநுசாரணையும் மந்தரமும் தனித்தனித் தந்திகள் என்ற எண்ணமே போய்விட்டது. ஏதோ ஒரு பெரிய மண்டபத்தின் உள்ளே நிற்பதுபோல் இருந்தது. அப்போது வாத்தியார் குதிரைமேல் கிடந்த நூலைச் சுண்டுவிரல் நகத்தால் ஒரு மயிரிழை நகர்த்தினார். மண்டபத்தின் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன.

ஜீவா என்று அந்த நூலுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் வார்த்தையின் அளவறிந்தவர். வளைந்த குதிரையின்மேல் தந்தி நேராக நிற்காமல், நூலின் தயவால் அதைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டே அதிர்வதால்தான் அந்த ரீங்காரம் உண்டாகிறது. நம் ஸர் சி.வி. ராமன் 1921-இல் இந்தத் தம்பூராவையும் வீணையையும் பற்றி எழுதியபோது, மேல்நாட்டுச் சாஸ்திரத்தின் விதி ஒன்று இங்கே செல்லுபடியாகவில்லை என்று காட்டினார்: ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் குறிப்பிட்ட ஓர் அநுஸ்வரம் எழவே கூடாது என்று விதி சொல்லுகிறதோ, அந்த இடத்தில் மீட்டினாலும் தம்பூராவில் அது கம்பீரமாக எழுகிறது. மந்தரத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே தோன்றுகிறதே, ஸ்வயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொன்னார்களே, அதன் ரகசியத்தில் ஒரு பங்கு இந்த நூலில் இருக்கிறது. மீட்டிய கணத்தில் எல்லாம் ஒன்றாக ஒலித்து, பிறகு ஒவ்வொரு அநுஸ்வரமாக மேலே ஏறி, மலர்ந்து, இறங்கி அடங்குகிறது. நல்ல தம்பூராவில் இந்த ஏற்றத்தை ஒரு படிக்கட்டுப்போல் எண்ணிவிடலாம்.

ஹெட்போன்கள் தோற்பது இந்தப் படிக்கட்டில்தான். எந்தக் கருவியும் ஏதோ ஒரு படியைத் தூக்கிக் காட்டினால், தம்பூரா உடனே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. காந்தாரத்துக்கு மேலே ஒரு நிஷாதம் அநாவசியமாகப் பளிச்சிடும், அல்லது ஏறிக்கொண்டிருந்த ஒலி நடுவழியில் ஒரு குழியில் விழுந்து மறுபுறம் எழுந்திருக்கும். மனிதக் குரலிலும் வயலினிலும் இந்தக் குறை பழகிப்போய்விடும். ஏனென்றால் அவை எப்போதும் அசைந்துகொண்டிருக்கின்றன. அசையாத சுருதிதான் கருவியின் முகத்துக்கு எதிரே பிடித்த கண்ணாடி. ப்ரூக்லினிலிருந்து வரும் க்ராடோ கருவிகளில் வயலினின் வில் சுகமாகக் கடிக்கிறது, அந்த உற்சாகத்தை நானும் அநுபவித்திருக்கிறேன். ஆனால் அதில் தம்பூரா வெண்கலத் தட்டாக மாறிவிடுகிறது. என் நண்பர் ஒருவர் தம் சேமிப்பில் கணிசமான ஒரு பகுதியைச் செலவிட்டு ஜப்பானியரின் ஸ்டாக்ஸ் வாங்கியிருக்கிறார். அவர் வீட்டுக்கு மாதம் ஒரு முறையாவது போய்க் கேட்பது என் வழக்கம். நூலிழையை எண்ணும் கூர்மையில் அதற்கு நிகரில்லை. ஜீவா தந்தியை உரசும் அந்த உரசலை அதில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்டதில்லை. ஆயினும் குடம் எங்கே என்று நான் தேடுகிறேன். தந்தி இருக்கிறது, நூல் இருக்கிறது, பலா மரம் இல்லை. “சார், நீங்க ரொம்ப நாளா ஒண்ணையே கேட்டுக் காது பழகிப்போச்சு” என்பார் அவர். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் என் காது முதலில் பழகியது எந்த ஹெட்போனுக்கும் அல்ல, அந்தத் தண்டிக்கு.

இன்னொரு சாரார், சமதளக் காந்த ஹெட்போன்களின் அடித்தளத்தைக் கேட்டவர்கள், 600-இல் கீழ் ஸ்தாயி மெலிந்திருக்கிறது என்று சொல்லுவார்கள். மெலிந்துதான் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை ஈரமாக ஒட்டியிருக்கும்போது எழும் அந்த வயிற்றை அசைக்கும் கும்கி, ஆடீஸ் போன்ற கருவிகளில் வருவதுபோல் இதில் வராது. தனி ஆவர்த்தனத்துக்காகவே ஒருவர் ஹெட்போன் வாங்குவதாக இருந்தால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் தம்பூராவின் கீழ் ஷட்ஜமம் இதில் குறைகிறது என்று சொல்லும்போது நான் உடன்படுவதில்லை. ஒரு கட்டையில் மந்தரத் தந்தியின் ஆதார அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 65. அந்த ஆதாரம் தம்பூராவில் எப்போதுமே பலவீனமானது; அதன் கம்பீரமெல்லாம் 130, 196, 261, 327 என்று மேலே மேலே அடுக்கிய அநுஸ்வரங்களில் இருக்கிறது. அந்த அடுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால், அடியில் இருக்கவேண்டிய ஷட்ஜமத்தைச் செவி தானே கட்டிக்கொள்கிறது. அடுக்கு கோணினால், அடித்தளத்தை எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அது சுருதியாக நிற்பதில்லை, இரைச்சலாகத்தான் நிற்கிறது. 600-இன் கீர்த்தி முழுவதும் இந்த நடுப் பிரதேசத்தின் நேர்மையில் இருக்கிறது. அந்தப் பிரதேசத்தில்தான் மனிதனின் சாரீரமும் இருக்கிறது, காந்தாரமும் இருக்கிறது.

சாரீரம் என்று சொன்னவுடன் எம்.டி. ராமநாதனிடம் வந்து சேர்ந்துவிட்டேன். எப்படித் தொடங்கினாலும் நான் அவரிடம்தான் வந்து சேருகிறேன். பாலக்காட்டு மஞ்சப்ராவில் 1923-இல் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரின் சீடராகிக் கலாக்ஷேத்திரத்தில் வாழ்ந்து, 1984-இல் மறைந்த அந்த மனிதரின் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் இன்றும் ஓயவில்லை. சௌக்க காலம் மிதமிஞ்சியது என்பார்கள். ஒரு சங்கதிக்கும் அடுத்ததற்கும் இடையே காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று என் சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். சபாவின் பின்வரிசையில், இருமலுக்கும் நாற்காலிச் சத்தத்துக்கும் நடுவே அவரைக் கேட்டவர்கள் அப்படிச் சொன்னால் நான் அவர்களைக் கோபிக்க மாட்டேன். அந்த இடைவெளிகளில் என்ன இருக்கிறது என்பது அங்கே கேட்காது. அவர் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அங்கே தம்பூரா இருக்கிறது. தாம் விட்ட இடத்தை அது எடுத்துக்கொள்ளட்டும் என்றே அவர் விடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸஹானாவில் ஒரு ரிஷபத்தை அசைத்து, அதை முடிக்காமலே வைத்துவிட்டு அவர் மௌனமாகும்போது, மீதியைத் தந்திகள் பாடுகின்றன.

அவரே இயற்றிய பாகேஸ்ரீ ‘சாகர சயன விபோ’வை ஒரு பழைய பதிவில் கேட்கிறேன். ஆலாபனையில் மந்தர ஸ்தாயிக்கு இறங்கிவருகிறார். அந்தத் தாழ்ந்த சுருதியில், பெரும்பாலான பாடகர்களுக்குக் குரலே இல்லாத இடத்தில், அவருக்கு வீடு இருக்கிறது. ஷட்ஜமத்தில் வந்து அமரும் முதல் விநாடியில், குரலுக்கும் தந்திக்கும் இடையே மிக மெதுவான ஓர் அலைவு. ஒரு தரம், இரண்டு தரம் அது அசைகிறது. பிறகு அலைவு நீண்டு, தளர்ந்து, நின்றுவிடுகிறது. அவர் சுருதியோடு சேர்ந்தார் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். சேருகிற அந்தக் காரியம் காலத்தில் நடக்கிறது என்பதும், அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு நடுவும் ஒரு முடிவும் உண்டு என்பதும், ஐம்பது வருஷம் கச்சேரி கேட்ட எனக்கு இந்த ஹெட்போனில்தான் பிரத்தியட்சமாயிற்று. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கேட்பதில்லை. பின்னால் தம்பூரா போடுகிறவனுக்குக் கேட்கிறது.

பழைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ. ஸ்பீக்கரில் அது குறையாகத் தெரியாது. ஹெட்போனில் குரல் நெற்றிக்குப் பின்னால், மண்டைக்கு உள்ளேயே எழும். பலருக்கு இது பிடிப்பதில்லை. ஒலியைத் தலைக்கு வெளியே கொண்டுவரும் உபாயங்களைத் தேடுவார்கள். நானும் சில நாள் தேடினேன், பிறகு விட்டுவிட்டேன். தண்டியில் காதைச் சாய்த்தவனுக்கு ஒலி உள்ளே எழுவது விசித்திரமாகப் படாது.

இனி நான் சொல்லப்போவது மனக்குறை. நம்மிடையே எஞ்சியிருக்கும் பழைய ஒலிநாடாக்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் இட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அந்தச் சுத்தத்தின் தர்மம் என்னவென்றால், மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அது அழுக்கு. மாறிக்கொண்டே இருப்பது எதுவோ அது சங்கீதம். மேல்நாட்டுப் பாட்டுக்கு இந்த விதி ஓரளவு பொருந்தலாம். நம் சங்கீதத்தில் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதுதான் ஆதாரம். நாடாவின் சீற்றத்தை அகற்றப் போனவர்கள், அந்தச் சீற்றத்தோடு கலந்து வாழ்ந்த தம்பூராவின் மேல் அநுஸ்வரங்களையும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு கேட்டால், வித்வான் வெற்றிடத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. குரல் துலக்கமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய இப்படிப்பட்ட ஒரு குறுந்தட்டையும், அதே கச்சேரியின் சீற்றம் நிறைந்த நாடாப் பிரதியையும் அடுத்தடுத்து 600-இல் கேட்டபோது, இத்தனை நாள் கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பொருளைக் கழுவுகிறேன் என்று சொல்லிக் கரைத்துவிட்டார்களே என்ற துக்கம்தான் வந்தது. அதன்மேல், 128 கிலோபிட் என்று சுருக்கி அனுப்பும் வழக்கம் வேறு. அதில் தம்பூரா நீரில் விழுந்த நிழல்போல் நெளிகிறது. சுருக்கியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, ஏனென்றால் அவர்கள் செல்போனில் கேட்டுச் சரி பார்த்திருப்பார்கள்.

மேடையில் மட்டும் என்ன வாழ்கிறது? மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று நின்றார். அதைப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. இன்று தொப்பிக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று என்று மைக் வைத்து, கும்கி மார்பில் இடிக்கும்படி ஒலிக்கிறது; தம்பூரா இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு மின்னணுப் பெட்டி. அந்தப் பெட்டியின் ஷட்ஜமம் சுத்தமானது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் அதே ஷட்ஜமம். ஏறி மலர்ந்து இறங்கும் அந்தப் படிக்கட்டு ஒரு தடவை போல் மறு தடவை இருப்பதில்லை என்பதே தம்பூராவின் உயிர்; விரல் ஒரு நெல்லளவு மேலே பட்டாலும் வேறு ஒரு நிறம் வருகிறது. டிசம்பர் மாதத்தில் சபாவிலிருந்து வீடு திரும்பி, கைகால் கழுவிக்கொண்டு, காதில் இன்னும் இடித்துக்கொண்டிருக்கும் கச்சேரியை ஆற்றுவதற்காகவே இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்ட இரவுகள் எனக்குப் பல. வீட்டில் உட்கார்ந்து கருவி மூலம் கேட்பது, எதிரே உட்கார்ந்து கேட்பதற்கு ஈடாகாது என்றே நான் இளமையில் நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை தளர்ந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் கருவிகளின் முன்னேற்றம் மட்டுமல்ல.

2021-இல் சென்ஹைசர் குடும்பத்தார் தங்கள் ஹெட்போன் வியாபாரத்தைச் சுவிட்ஜர்லாந்தின் சோனோவாவுக்கு விற்க முடிவு செய்த செய்தி வந்தபோது, காது மெத்தைகள் நான்கு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டேன். அவை இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மெத்தையின் விஷயம் அற்பமானதல்ல என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷத்தில் அது அமுங்கிப்போய்க் காது உட்கருவியின் அருகே போய்விடுகிறது. நம் ஊர் வியர்வையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் நாம் உணர்வதில்லை. புதிய மெத்தையைப் பூட்டிய அன்று எல்லாம் சற்றுத் தள்ளிப் போய், வெளிச்சமாகி, அந்நியமாகத் தோன்றும். மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி.

போன மாதம் அப்படி மெத்தை மாற்றிப் பொறுத்திருந்த பிறகு, எங்கள் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த ஒரு வீட்டுக் கச்சேரி நாடாவின் பிரதியை முதலில் எடுத்தேன். கல்யாண வீடு, கும்பகோணமோ மாயவரமோ, யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு கீர்த்தனைகளுக்கு நடுவே, பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. வெள்ளி டம்ளர் ஒன்று தரையில் வைக்கப்படுகிறது. வித்வான் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். தம்பூரா மட்டும் நிற்கவில்லை. ஆனால் அது சற்று மந்தமாக இருக்கிறது, பந்தலின் ஈரக் காற்றில் நூல் இறங்கியிருக்க வேண்டும். பிருடை ஒன்று முனகும் சத்தம். வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு சின்ன உரசல், நகம் மரத்தில் படுவதுபோல், அவ்வளவுதான். அடுத்த மீட்டலில் காந்தாரம் எழுகிறது, அதன்மேல் பஞ்சமம், அதற்கும் மேலே பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, ஒவ்வொரு படியாக. வித்வான் “ஆங்” என்கிறார். விசிறி நின்ற அறையில், வியர்வையோடு, நான் அந்த இடத்தை நான்கு முறை திருப்பி வைத்துக் கேட்டேன்; ஐந்தாவது முறை வைக்கப் போகும்போது தெருவில் பால்காரனின் சைக்கிள் மணி அடித்தது.